ஜப்பான் நவம்பர்: செவ்விலை தவிர வேறு என்ன பார்த்தீர்கள்?

தொடங்கியவர் (ஒசாகா)

நவம்பர் வந்தால் நம் குழுவில் மேப்பிள் படங்கள் வந்து குவிகின்றன. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கியோட்டோவின் தோஃபுகுஜி கோயில் பாலத்தில், முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்தபடியே அங்குலம் அங்குலமாக நகர்ந்தவர்களுக்கு அந்தப் படங்களின் மறுபாதி தெரியும். அதனால் இந்த முறை இலையை விட்டுவிடுவோம். பின் இலையுதிர் காலத்தில் உங்களுக்கு நேர்ந்த வேறு ஏதாவதைச் சொல்லுங்கள். சாப்பாடு, கலை, திருவிழா, பக்கத்து வீட்டுப் பாட்டி, எதுவானாலும் சரி.

நானே ஆரம்பிக்கிறேன். என்னுடையது நாரா. நம்மவர்கள் பெரும்பாலும் தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தரைப் பார்த்து, மான்களுக்கு பிஸ்கட் போட்டுவிட்டு ரயில் ஏறிவிடுவார்கள். அந்தப் புத்தருக்குப் பின்பக்கம், தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய ஒரு மரக் களஞ்சியம் இருக்கிறது. பெயர் சோசோயின். 756இல் பேரரசர் ஷோமு இறந்த 49ஆம் நாள், அவர் புழங்கிய பொருட்களைப் பேரரசி கோம்யோ புத்தருக்குக் காணிக்கையாகக் கொடுத்தார். அதில் தொடங்கிய சேகரிப்பு இன்று ஏறக்குறைய 9,000 பொருட்கள். இப்போது அவை பக்கத்திலுள்ள கான்கிரீட் கிடங்குகளில் இருந்தாலும், அரண்மனை முத்திரை போட்டுப் பூட்டும் வழக்கம் அப்படியே தொடர்கிறது. கோடையின் ஈரக் காற்றில் திறந்தால் பட்டும் அரக்கும் பாழாகும். அதனால் காற்று உலர்ந்த இலையுதிர் காலத்தில் மட்டும், அரண்மனையிலிருந்து ஆள் வந்து முத்திரையைப் பிரிக்கிறார். அக்டோபர் தொடக்கத்தில் திறந்து, பொருட்களைச் சோதித்து, நவம்பர் கடைசியில் மறுபடி மூடிவிடுவார்கள். இடையில் இரண்டரை வாரம்போல, ஏறக்குறைய அறுபது பொருட்களைத் தேர்ந்தெடுத்து நாரா தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கிறார்கள். 1946 முதல் நடக்கும் கண்காட்சி இது.

2010இல் ஐந்து தந்தி பீவா (மடியில் வைத்து வாசிக்கும் ஒரு தந்தி வாத்தியம்) வந்தது. பழங்காலத்து ஐந்து தந்தி பீவாக்களில் உலகில் மிஞ்சியது அது ஒன்றுதான். கருஞ்சிவப்பு மரம், முழுக்க முத்துச்சிப்பி இழைப்பு, நடுவில் ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்து பீவா வாசிக்கும் ஒருவர். நான்கு தந்தி வகை பாரசீகத்திலிருந்தும் ஐந்து தந்தி வகை இந்தியாவிலிருந்தும் வந்ததாகச் சொல்கிறார்கள். எனக்கு அடுத்து நின்ற வயதானவர் நான் எந்த நாடு என்று கேட்டார். சொன்னதும், “உங்கள் ஊரில் இதை இன்னும் வாசிக்கிறார்களா?” என்றார். வீணை என்றேன். வாசிக்கும் தந்தி நான்கு, பக்கத்தில் மூன்று, வடிவமும் வேறு என்று காற்றில் விரலால் எண்ணிக் காட்டினேன். அவர் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். வரிசை எங்களைத் தள்ளிக்கொண்டே போனது, அவர் எழுதி முடிக்கும்வரை நகரவில்லை.

இன்னொரு செய்தி நம்மவர்கள் பலருக்குத் தெரியாது. 752இல் அந்தப் பெரிய புத்தருக்குக் கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து வந்த போதிசேனர் என்ற துறவி. தூரிகையில் நீண்ட நூல்களைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டார்களாம், கண் திறப்பதில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று. அந்தத் தூரிகையும் நூலும் இன்றும் சோசோயின் சேகரிப்பில் உள்ளன. ஊரெல்லாம் இலை விழுவதைப் பார்க்க வரும் நேரத்தில், இங்கே மூடி வைத்ததைத் திறந்துகொண்டிருக்கிறார்கள். எனக்கு இந்தப் பருவம் என்றால் அதுதான்.

கியோட்டோ உறுப்பினர்

திறப்பது என்றதும் எனக்குத் தேநீர்ச் சடங்கு வகுப்புதான் ஞாபகம் வந்தது. நவம்பரில் எங்கள் ஆசிரியை வீட்டு வாசலில் நுழைந்தால் புத்தாண்டு போல ஒருவரையொருவர் வாழ்த்திக்கொள்வோம். மே முதல் அக்டோபர் வரை கனல் இருப்பது விருந்தினரிடமிருந்து தள்ளி வைத்த தனி அடுப்பில். நவம்பரில் அதை எடுத்துவிட்டு, பாயில் சதுரமாக வெட்டிய பலகையை நீக்குவார்கள். கீழே தரையில் புதைத்த அடுப்பு. ஒரு பக்கம் 42 செ.மீ. இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அது வந்ததும் அறையே மாறிவிடுகிறது: நெருப்பு விருந்தினர் பக்கம் நெருங்குகிறது, உட்காரும் இடம் மாறுகிறது, ஆறு மாதமாகக் கை பழகிய முறைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு வேறொன்றைச் செய்ய வேண்டும். பாய் புதிது, கதவுத் தாள் புதிது, தோட்டத்து மூங்கில் வேலிகூடப் புதிது.

அன்றைக்குச் சில வீடுகளில் தேயிலை ஜாடியின் முத்திரையையும் வெட்டுவார்கள். மே மாதம் பறித்த இலையைக் காகிதப் பைகளில் கட்டி, ஜாடிக்குள் வைத்து, வாயைத் தாளால் ஒட்டிக் கோடை முழுக்க வைத்திருப்பார்கள். நவம்பரில் கத்தியால் அந்தத் தாளைச் சுற்றி அறுத்து, இலையைக் கல் எந்திரத்தில் அரைக்கிறார்கள். கோடை தாண்டிய இலைக்குக் காரம் தணிந்து ஒரு கனிவு வரும் என்பது அவர்கள் கணக்கு. இன்று குளிர்பதனக் கிடங்கு இருப்பதால் ஆண்டு முழுக்க ஒரே சுவையில் மாட்சா என்ற அந்தத் தேயிலைப் பொடி கிடைக்கிறது, ஆனாலும் இந்தச் சடங்கை விடவில்லை. எந்திரத்தை நானும் சுற்றிப் பார்த்தேன். வேகம் கூடினால் சூட்டில் மணம் போய்விடும், அதனால் அவசரப்பட வழியே இல்லை. அரைப்பவர் பேசுவதும் மெதுவாகிவிடுகிறது.

கூடவே இனோகோ மோச்சி என்ற அரிசிமாவு இனிப்பு. பழைய நாட்காட்டியில் பன்னிரண்டு விலங்குகளின் பெயர் நாட்களுக்குச் சுற்றி வரும்; அதில் காட்டுப்பன்றி நாளில் அடுப்பைத் திறந்தால் தீ விபத்து வராது என்ற நம்பிக்கை. பழைய ஐம்பூதக் கணக்கில் பன்றி நீரைச் சேர்ந்தது. சிவப்புப் பயற்றில் செய்த இனிப்புக் கஞ்சியும் வரும். நம் நாக்குக்கு அது ஒன்றும் அந்நியமில்லை.

டோக்கியோ உறுப்பினர்

இலை வேண்டாம் என்கிறீர்கள், இலை வாரும் கோலைப் பற்றிச் சொல்லலாமா? நவம்பரில் சேவல் நாட்களில், அதாவது பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை, அசகுசாவில் சந்தை கூடும். விற்பது குமாதே. மூங்கில் வாருகோல்தான், ஆனால் பொன் காசு, மீன், முகமூடி என்று ஒரு தேர் அளவுக்கு அலங்காரம். செல்வத்தை வாரிக்கொள்ள என்று கடைக்காரர்கள் வாங்கிப் போவார்கள், ஒவ்வொரு வருடமும் போன வருடத்தைவிடப் பெரிதாக.

அந்த நேரம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். பேரம் பேசலாம் என்றதும் முகம் மலர்ந்தது. விரல்களைக் காட்டி, தலையை ஆட்டி, மொழி தெரியாமலேயே நன்றாகக் குறைத்துவிட்டார். அப்புறம்தான் வழக்கத்தைச் சொன்னேன்: விலை குறைந்ததும், குறைத்த தொகையை ‘வாழ்த்துப் பணம்’ என்று கடைக்காரரிடமே விட்டுவிட்டு முதல் விலையைக் கொடுப்பதுதான் பெருந்தன்மை. “அப்போ எதுக்குடா இவ்வளவு நேரம் பேசினோம்?” என்றார் அம்மா. பணம் கொடுத்ததும் கடையாட்கள் எல்லாரும் சேர்ந்து தாளத்தோடு கை தட்டினார்கள். தாளம் பிடித்துப்போய் அடுத்த கடையிலும் பேரம் பேசப் போனார். மூன்று சேவல் நாள் வரும் ஆண்டில் தீ விபத்து அதிகம் என்றும் இங்கே சொல்வார்கள்.

நாகானோ உறுப்பினர்

எங்கள் மலைப்பக்கத்தில் நவம்பர் என்றால் கூரை விளிம்பு முழுக்க ஆரஞ்சு நிறச் சரம். காக்கிப் பழம் (ஆங்கிலத்தில் பெர்சிமன்). நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்காரப் பாட்டி தோட்டத்தில் இருப்பது துவர்ப்பு வகை. நிறம் பழுத்தும் கெட்டியாக இருப்பதைக் கடித்தால் நாக்கு மரத்துவிடும். அதில் கரையும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அவ்வளவு. தோலைச் சீவி, காம்போடு சின்னக் குச்சியை விட்டு, கயிற்றில் கட்டி, கொதிநீரில் ஒரு முக்கு முக்கி எடுத்துத் தொங்கவிடுவார். மேல்பரப்பு காய்ந்ததும் தினமும் விரலால் மெல்லப் பிசைய வேண்டும். நாளாக ஆக டானின் கரையாத நிலைக்குப் போய்விடுகிறது, நாக்கில் படுவதில்லை. உள்ளே ஜாம் பதம், வெளியே வெள்ளையாகப் பூக்கும். பூஞ்சை என்று நினைத்துவிடாதீர்கள், அது சர்க்கரை.

குளிர்ந்த வறண்ட காற்று வேண்டும். நவம்பரில் வெயிலும் மழையும் மாறி மாறி வந்தால் நிஜமாகவே பூஞ்சை பிடித்துவிடும். அப்படி ஒரு வருடம் பாட்டி வானிலை அறிக்கையைத் திட்டியதில் எனக்கு ஜப்பானிய வசைச்சொற்கள் கொஞ்சம் தேறின.

பறிக்கும்போது உச்சியில் ஒரு பழத்தை விட்டுவிடுவார்கள். எட்டவில்லை போலிருக்கிறது என்று ஏணியைக் கொண்டுபோனேன். பாட்டி தடுத்தார். மரத்துக்குக் காவலாம், அடுத்த வருடமும் காய்க்க. பறவைக்கு என்றும் சொல்கிறார்கள்.

ஒரு கேள்வி: சைவக்காரர்கள் இந்தப் பருவத்தில் வெளியே என்ன சாப்பிட்டீர்கள்? நான் கேட்ட ‘காய்கறி சூப்’ எல்லாவற்றிலும் மீன் சாறு இருந்தது.

தொடங்கியவர் (ஒசாகா)

நாகானோ நண்பருக்கு: கியோட்டோ பக்கத்திலுள்ள ஊஜியில் மன்புகுஜி கோயிலுக்குப் போங்கள். 1654இல் சீனாவிலிருந்து வந்த இன்கென் துறவி 1661இல் நிறுவியது. அங்கே ஃபூச்சா என்ற சைவ விருந்து. மற்ற இடங்களில் ஆளுக்கொரு தட்டு, சின்னச் சின்னக் கிண்ணம். இங்கே நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பெரிய தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுவது மரபு. நம் வீட்டு முறைதான். சாறுக்கு கடற்பாசியும் உலர்ந்த காளானும். விலாங்கு மீன் போலவே ஒன்று வரும், பயந்துவிடாதீர்கள், அது மீனல்ல. எனக்குப் பிடித்தது உன்பென்: மற்ற பதார்த்தங்களுக்கு நறுக்கியதில் மிஞ்சிய காய்த் துண்டுகளை வீணாக்காமல் கூழ்போலக் கெட்டியாகச் சமைப்பது. சூடாக, லேசான உப்போடு, குளிரில் நடந்து வந்த வயிற்றுக்கு அமிர்தம்.

முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். பூண்டு, வெங்காயம் கிடையாது, அதனால் ஜைன நண்பர்களையும் கூட்டிப் போகலாம். கிழங்கு வகைகள் வரும் என்பதை மட்டும் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.