ஸ்கிரிப்டில் இடைவெளி என்றால் என்டர்தான்

பழைய_வரைவாளர்:
"ஆட்டோகேட் வரைபட சாஃப்ட்வேரில் ஒவ்வொரு டிராயிங்காகத் திறந்து ரிவிஷன் எண் மாற்றுகிறவருக்கு வேலையே தெரியாது, பத்து வரி ஸ்கிரிப்ட் போதும்" என்று செல்வன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. ஸ்கிரிப்ட் கோப்பில், அதாவது ஆட்டோகேட் வரிசையாக ஓட்டும் கமாண்ட் பட்டியலில், இடைவெளி என்றால் என்டர் அழுத்தியதாகத்தான் அர்த்தம், அதை ஏன் தம்பி சொல்லவில்லை? எங்கள் ஆபீஸில் ஒருவர் ஜூம் கமாண்ட் வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு இடைவெளி விட்டுவிட்டார். அந்த இடைவெளியிலேயே ஜூம் முடிந்துவிட்டது, வரி முடிவு இன்னொரு என்டராகி மறுபடி ஜூமைக் கூப்பிட்டது, அடுத்த வரியில் இருந்த க்யூசேவ், அதாவது சேவ் செய்யும் கமாண்ட், அந்த ஜூம் கேட்ட கேள்விக்கு விடையாகப் போய் விழுந்தது. 60 டிராயிங் ஓடியது, ஒன்றுகூட சேவ் ஆகவில்லை.

ஸ்கிரிப்ட்_செல்வன்:
அது எழுதினவர் தப்பு. அப்புறம், எல்லா இடத்திலும் இடைவெளி என்டர் கிடையாது. டெக்ஸ்ட் கமாண்ட் எழுத்து கேட்கும்போது இடைவெளி இடைவெளிதான். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு பயமுறுத்தாதீர்கள் சார்.

பழைய_வரைவாளர்:
எழுத்து கேட்கும் இடத்தைப் பற்றி யார் பேசினார்கள்? நான் சொன்னது வரிக் கடைசி. அங்கே இடைவெளி என்டர்தான்.

லேயர்_பூஜ்யம்:
ரெண்டு பேரும் லிஸ்ப்புக்கு, ஆட்டோகேடுக்குள் புரோகிராம் எழுதும் மொழிக்கு, வாருங்கள். 2013 பதிப்பிலிருந்தே கோர் கன்சோல் இருக்கிறது, டிராயிங் ஜன்னலே திறக்காமல் ஒரு ஃபோல்டரையே ஓட்டிவிடலாம்.

எல்டி_பயனர்:
ஆட்டோகேடின் விலை குறைந்த வடிவமான எல்டிக்கு லிஸ்ப் வந்ததே 2024 பதிப்பில்தான். எங்களிடம் இருப்பது 2020. எங்களுக்கு ஸ்கிரிப்ட்தான் சோறு போடுகிறது.

லேயர்_பூஜ்யம்:
அப்போ புதுசு வாங்குங்கள்.

எல்டி_பயனர்:
பணம் நீங்கள் தருகிறீர்களா? போன மாதமும் இதே பேச்சுதான் பேசினீர்கள்.

பழைய_வரைவாளர்:
கோர் கன்சோலுக்கும் அதே ஸ்கிரிப்ட் கோப்பைத்தானே கொடுக்கிறீர்கள்? அப்போ அங்கேயும் இடைவெளி என்டர்தான். ஒரு அசல் கோப்பு கெட்டால் சைட்டில் நிற்கிறவன் பழைய ரிவிஷனைப் பார்த்துக் கம்பி கட்டுவான், கான்கிரீட் போட்ட பிறகு யார் உடைப்பது?

ஸ்கிரிப்ட்_செல்வன்:
நான் நகல் ஃபோல்டரில்தான் ஓட்டுகிறேன். கையால் மாற்றினால் மட்டும் தப்பு வராதா? 200 டிராயிங்கில் நாலு விட்டுப்போகும், எந்த நாலு என்றும் தெரியாது. எக்ஸ்ரெஃப் (ஒரு டிராயிங்கோடு இணைத்த வேறு டிராயிங்) பாதை மாற்றுவது பற்றி நான் எழுதியபோதும் நீங்கள் இப்படித்தான் குறுக்கே வந்தீர்கள், அதை நான் மறக்கவில்லை.

பழைய_வரைவாளர்:
எக்ஸ்ரெஃப் கதை இப்போது எதற்கு? அந்தப் பத்து வரியை இங்கே போடுங்கள். ஒவ்வொரு வரியிலும் எண்ட் கீ அழுத்தி, கடைசியில் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

ஸ்கிரிப்ட்_செல்வன்:
கம்பெனி கோப்பு, போட முடியாது.

பழைய_வரைவாளர்:
ஜூம் வரியை மட்டும் போடுங்கள்.