இங்கிலிஷ் கவர் லெட்டர்ல 'ஏ என்.ஜி.ஓ'வா, 'ஆன் என்.ஜி.ஓ'வா? ஈ.ஜி., ஐ.ஈ. ரெண்டும் ஒண்டா?

களுவாஞ்சிகுடி பிள்ளை:
வணக்கம் எல்லாருக்கும். வந்தாறுமூலை ஈஸ்டர்ன் யுனிவர்சிட்டி கெம்பஸ்ல டிகிரி முடிச்சிட்டு மட்டக்களப்பில ஒரு என்.ஜி.ஓ வேலைக்கு அப்ளை பண்ணப் போறன், வாற வெள்ளிக்கிழமை குளோசிங் டேட். கவர் லெட்டர வீட்டில காட்டினா ஆளுக்கொரு மாதிரிச் சொல்றாங்க. 'என்' மெய்யெழுத்துத்தானே, அப்ப 'ஏ'தான் வரணும் எண்டு அண்ணா, இல்ல 'ஆன்' எண்டு அக்கா. ஈ.ஜி., ஐ.ஈ. எதப் போட்டாலும் ஒண்டுதான் எண்டும் சொல்றாங்க. மிஸ்டரச் சுருக்கி எழுதினா புள்ளி வேணுமா? தெரிஞ்சாக்கள் கெதியாச் சொல்லுங்க.

கல்முனை டீச்சர்:
அக்கா சொன்னதுதான் சரி தங்கச்சி. ஏ, ஆன் ரெண்டுக்கும் எழுத்தப் பாக்கிறதில்ல, வாயில வாற சத்தத்தத்தான் பாக்கிற. 'என்' எண்டு சொல்லக்குள்ள முதல்ல வாறது 'எ', அது உயிர்ச் சத்தம், அதால ஆன் என்.ஜி.ஓ. அப்பிடித்தான் ஆன் எம்.பி., ஆன் எஸ்.எம்.எஸ். எல்லாம். யூ.என். எழுத்தில உயிரெழுத்துத்தான், ஆனா சத்தம் 'ய'வில தொடங்குது, அதால ஏ யூ.என். ஒஃபிஸ். கனபேர் மாட்டுப்படுறது ஈ.யூ.விலதான், யூரோப்பியன் யூனியன் ப்ரொஜெக்ட் எண்டு முழுசா எழுதினா முன்னால ஏ, சுருக்கி ஈ.யூ. ப்ரொஜெக்ட் எண்டா ஆன். உங்கட சிவியிலயே ரெண்டும் வரும் பாருங்க: ஏ யுனிவர்சிட்டி கிரஜுவேட், ஆனா ஆன் ஈஸ்டர்ன் யுனிவர்சிட்டி கிரஜுவேட். ஒலுவில் பிள்ளையளுக்கு ஏ சவுத் ஈஸ்டர்ன் யுனிவர்சிட்டி கிரஜுவேட், எஸ்.ஈ.யூ.எஸ்.எல். எண்டு சுருக்கினா ஆன். சந்தேகம் வந்தா வாய்விட்டு வாசிச்சுப் பாருங்க.

மிஸ்டருக்கு பிரிட்டிஷ் முறையில புள்ளி இல்ல, ஏனெண்டா சொல்லுட கடைசி எழுத்தும் சுருக்கத்தில இருக்கு. டொக்டருக்கும் அதே. ப்ரொஃபெஸருக்குப் பாதியில வெட்டுறதால புள்ளி வரும். அமெரிக்கக்காரர் எல்லாத்துக்கும் வைப்பாங்க. எந்த முறையெண்டாலும் லெட்டர் முழுக்க ஒண்டாவே எழுதுங்க.

அக்கரைப்பற்று நானா:
ஈ.ஜி.யும் ஐ.ஈ.யும் ஒண்டெண்டு ஆர் சொன்ன? ரெண்டும் லத்தீன்ல இருந்து வந்த, ஆனா ஈ.ஜி. எண்டா உதாரணமா, ஐ.ஈ. எண்டா அதாவது. 'கரையோர ஊருகள்ல வேலை செஞ்சிரிக்கன், ஈ.ஜி. கல்குடா, பாசிக்குடா' எண்டு எழுதினா வேற ஊரும் இரிக்கி எண்டு வாசிக்கிறவருக்கு விளங்கும். அதுல ஐ.ஈ. போட்டா அந்த ரெண்டு ஊரு மட்டுந்தான் எண்டு எடுப்பாரு, செஞ்ச வேலையெல்லாம் கணக்கில வராமப் போயிடும். ஈ.ஜி. போட்டுட்டு வரிசைக் கடைசில எட்செட்ராவும் போடாதீங்க, ஒண்டு போதும்.

நான் அப்ளிகேஷன் வாசிக்கிற இடத்திலதான் இரிக்கன் புள்ள, 'டிட் நொட் வென்ட்', 'டிஸ்கஸ் அபௌட்', 'இன்ஃபர்மேஷன்ஸ்' இந்த மூண்டும் வராத நாளில்ல. நல்ல அனுபவம் உள்ள ஆக்கள்ற அப்ளிகேஷனும் இதால ஒதுங்கிப் போறதப் பாக்கக் கவலையா இரிக்கி. டிட் வந்தா பின்னால கோ, டிஸ்கஸ்ஸுக்குப் பின்னால அபௌட் தேவையில்ல, இன்ஃபர்மேஷனுக்குப் பன்மையே இல்ல. மறுகா நாம டீ.எஸ். (பிரதேச செயலகம்), ஜீ.என். (கிராம சேவகர்) எண்டு பழக்கத்தில எழுதிடுவம், வெளிநாட்டில இருந்து வாசிக்கிறவருக்கு அது என்னெண்டு தெரியுமா? முதல்தரம் டிவிஷனல் செக்ரட்டேரியட் எண்டு முழுசா எழுதி பிரெக்கட்டுக்குள்ள டீ.எஸ். போடுங்க, பிறகு சுருக்கமே போதும்.

களுவாஞ்சிகுடி பிள்ளை:
ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி, அண்ணாக்கும் காட்டிட்டன். இன்னும் ஒண்டு மட்டும், முடிவில யோர்ஸ் சின்சியர்லியா, ஃபெய்த்ஃபுலியா?

கல்முனை டீச்சர்:
டியர் சேர் ஓர் மெடம் எண்டு பேரில்லாமத் தொடங்கினா ஃபெய்த்ஃபுலி, பேர் போட்டுத் தொடங்கினா சின்சியர்லி. யோர்ஸ்ல வை மட்டும் கெப்பிட்டல், அடுத்த சொல்லு சின்ன எழுத்து, யோர்ஸுக்கு அப்பொஸ்ட்ரஃபி வராது. வியாழக்கிழமையே அனுப்பிடுங்க, கடைசி நாள் வரைக்கும் வெச்சிருக்க வேணாம்.