புதுப்பிப்பு: பேக்ட்ரேஸில் கேள்விக்குறிகள் வந்த காரணம் கிடைத்தது

டீபக் கோப்பு (ஃபங்ஷன் பெயர், வரி எண் விவரங்கள் உள்ளது) பக்கத்திலேயே இருந்தும், கோர் டம்ப்பை (புரோகிராம் கிராஷ் ஆனபோது பதிவாகும் அதன் நினைவக நகல்) ஜிடிபி என்ற டீபக்கரில் திறந்தால் பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) முழுக்க கேள்விக்குறிதான் வருகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். ரீட்எல்ஃப் கருவியைப் போட்டு புரோகிராம், டீபக் கோப்பு இரண்டின் பில்ட்-ஐடியையும் (ஒவ்வொரு பில்டையும் அடையாளம் காட்டும் எண்) பார்த்தேன், ஒன்று 43 என்று தொடங்குகிறது, மற்றது 91. எங்கள் ஸ்கிரிப்ட் பேக்கேஜுக்காக வேறு டைரக்டரியில் மறுபடி கம்பைல் செய்கிறது. சோர்ஸ் ஒன்றுதான், ஆனால் டைரக்டரியின் பெயரும் டீபக் தகவலில் பதிவதால் ஐடி மாறிவிடுகிறது. இப்போது அதே பில்டிலிருந்து ஆப்ஜ்காபி கருவியால் டீபக் பகுதியைத் தனியே எடுத்த பிறகுதான் ஸ்ட்ரிப், அதாவது புரோகிராமிலிருந்து அந்தப் பகுதியை நீக்குவது. எடுத்த டீபக் கோப்பை ஐடியை வைத்தே சேமிக்கிறோம்: ஐடியின் 40 ஹெக்ஸ் இலக்கங்களில் முதல் 2 டைரக்டரியின் பெயருக்கு, மீதி 38 கோப்புப் பெயருக்கு. டீபக் கோப்பை அதன் பெயரை வைத்துத் தேடும் டீபக்லிங்க் முறையைவிட இது எவ்வளவோ மேல், பழைய வெளியீடுகளின் கோப்புகள் ஒன்றையொன்று அழிக்காது. அந்தப் பழைய டம்ப்புக்கு உரிய கோப்பை எடுத்து வைக்காமல் விட்டதுதான் வருத்தம். சரி, இன்று காலை விழுந்த டம்ப்பில் ஃபங்ஷன் பெயர், வரி எண் எல்லாமே தெரிகிறது.