வாட்ச் 21.1 காட்டியது, ஃபினிஷ் இன்னும் முந்நூறு மீட்டர் தள்ளி இருந்தது

போன வருடம் சென்னையில் ஓடிய ஹாஃப் மாரத்தான் (21.1 கி.மீ.) இன்னும் மனதில் உறுத்துகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று நான்கு மாதம் பயிற்சி எடுத்திருந்தேன். அதற்கு 5:41 பேஸ், அதாவது கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 நொடி, போதும். அன்று வாட்சில் சராசரி பேஸ் 5:39-ஐ விட்டு நகரவே இல்லை. 1:59:12-ல் வாட்ச் 21.1 காட்டி அதிர்ந்தது. ஃபினிஷ் வளைவு கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் இன்னும் முந்நூறு மீட்டருக்கு மேல் ஓட வேண்டும். கோட்டைத் தாண்டியபோது 2:01:01. வாட்சில் 21.42 கி.மீ.

மெடலை வாங்கிய கையோடு நான் சொன்னது, "ரூட்டை நீளமாகப் போட்டுவிட்டார்கள்." பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் அதையே சொன்னார்கள். ஒருவர் வாட்சில் 21.30, இன்னொருவருக்கு 21.55. வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது: ஒரே சாலையில் ஓடிய மூன்று பேருக்கு மூன்று தூரம் என்றால், சந்தேகப்பட வேண்டியது சாலையையா?

பந்தயத் தூரத்தை எப்படி அளக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். முறையாகச் சான்று பெற்ற பாதையை சைக்கிளால் அளக்கிறார்கள். முன்சக்கரத்தில் அது சுழல்வதை எண்ணும் ஜோன்ஸ் கவுண்டர் என்ற சின்னக் கருவி இருக்கும். முதலில் டேப் வைத்து அளந்த நேரான சாலையில் அதே சைக்கிளைப் பலமுறை ஓட்டி, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை எண்ணிக்கை வருகிறது என்று கணக்குப் பிடிக்கிறார்கள். அப்புறம் பந்தயச் சாலையில், வளைவுகளில் ஓரக்கல்லிலிருந்து 30 செ.மீ. மட்டும் தள்ளி, ஓடுபவர் போகக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் சைக்கிள் போகும். பாதை தவறியும் குறைந்துவிடக் கூடாது என்பதால் 1000 மீட்டருக்கு 1 மீட்டர் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். ஹாஃபுக்கு 21 மீட்டர்.

என் 320 மீட்டரில் அந்த 21 போக மீதி எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி என் கால்களிலிருந்து. வளைவுகளில் வெளி ஓரமாக ஓடினேன், தண்ணீர் மேசைக்காகச் சாலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தேன், கூட்டத்தை முந்த வளைந்து வளைந்து போனேன். இன்னொரு பகுதி ஜிபிஎஸ். வாட்ச் ஒவ்வொரு நொடியும் ஒரு புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோடாக இணைக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் இரண்டு மூன்று மீட்டர் இடம் வலமாகத் தவறினால் நேர்க்கோடு கோணல் மாணலாகிவிடும். கோணல் கோடு நேர்க்கோட்டை விட எப்போதும் நீளம். அதனால்தான் நேரான சாலையில் வாட்ச் பெரும்பாலும் கூட்டிக் காட்டுகிறது.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

சேலத்திலிருந்து:

எனக்கு நேர்மாறாக நடந்தது. கொல்லிமலைச் சாலை, 70 கொண்டை ஊசி வளைவுகள். சார்ஜ் நிற்க வேண்டுமே என்று பேட்டரி சேமிப்பு மோடில் போட்டுவிட்டு ஏறினேன். சாலையோரக் கல் கணக்கில் 20 கி.மீ. ஓடியிருந்தேன், வாட்சில் 17.6. மேப்பைத் திறந்து பார்த்தால் வளைவுகளே இல்லை! அந்த மோடில் புள்ளிகளை விட்டு விட்டுத்தான் எடுக்கிறது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நான் ஒரு வளைவைச் சுற்றி வந்திருப்பேன், வாட்ச் மலையைக் குறுக்கே வெட்டிக் கோடு போட்டிருக்கிறது. மலை ஓட்டத்துக்குப் போகிறவர்கள் தயவுசெய்து பவர் பேங்க் எடுத்துப் போங்கள், மோடை மாற்றாதீர்கள்.

கோவையிலிருந்து:

தம்பி, வாட்சைச் சோதிக்க டிராக்குக்குப் போங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் போனேன். எங்கள் ஊர் ஸ்டேடியத்தில் பத்துச் சுற்று, 4 கி.மீ. வர வேண்டும், வாட்ச் 4.25 காட்டியது. கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கவே கிளம்பிவிட்டேன். அங்கே பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு கோச் சிரித்துக்கொண்டே, "ஐயா, நீங்கள் ஓடியது நாலாவது லேன்" என்றார். 400 மீட்டர் என்பது முதல் லேனுக்கு மட்டும்தான். ஒரு லேனின் அகலம் 1.22 மீட்டர், தள்ளிப் போகப் போகச் சுற்று நீளும். நாலாவது லேனில் ஒரு சுற்று சுமார் 422 மீட்டர், எட்டாவதில் 453. அப்படியானால் நான் ஓடியது 4.22. வாட்ச் 30 மீட்டர்தான் தவறியிருக்கிறது. அந்த வாட்சைத்தான் இன்றும் கட்டியிருக்கிறேன்.

மதுரையிலிருந்து:

நான் பெரும்பாலும் டிரெட்மில்லில்தான் ஓடுகிறேன், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் அந்த ஒரு மணி நேரம்தான் எனக்குக் கிடைப்பது. ஒருநாள் மெஷின் 5 கி.மீ. காட்டியபோது வாட்ச் 3.9. அன்று முழுக்க ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தேன். கூரைக்குக் கீழே வாட்சுக்கு ஜிபிஎஸ் கிடையாது, கை வீச்சை வைத்துத்தான் தூரத்தைக் கணக்குப் போடுகிறது. கை வீசாவிட்டால் அதற்கு நான் ஓடவே இல்லை. மெஷினையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். பெல்ட்டில் சாக்பீஸால் கோடு போட்டு, பெல்ட்டின் நீளத்தை டேப்பால் அளந்து, நூறு சுற்று எண்ணிப் பார்த்தோம். எங்கள் ஜிம்மில் பெல்ட் 3.1 மீட்டர், நூறு சுற்றுக்கு 310. மெஷின் 330 காட்டியது.

சிங்கப்பூரிலிருந்து:

ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் உயரக் கட்டடங்களுக்கு நடுவே ஓடினால் என் பழைய வாட்ச் 3:10 பேஸ் காட்டும். தேர்ந்த பந்தய வீரர்களின் வேகம் அது, நான் 6:00-க்கு ஓடுகிறவன். ஜிபிஎஸ் சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துத்தான் தூரம் கணக்கிடப்படுகிறது. கண்ணாடிச் சுவரில் பட்டுத் திரும்பும் சிக்னல் 30 மீட்டர் சுற்றி வந்தாலே, செயற்கைக்கோள் அவ்வளவு தூரம் தள்ளி இருப்பதாக வாட்ச் எடுத்துக்கொள்ளும். இப்போது இரண்டு அலைவரிசைகளைப் பிடிக்கும் வாட்ச் வைத்திருக்கிறேன். எல்1, எல்5 என்பார்கள். நேராக வந்ததையும் பட்டுத் திரும்பியதையும் பிரித்தறிய எல்5 நன்றாக உதவுகிறது. கோடு இப்போது நடைபாதையிலேயே இருக்கிறது. சுரங்கப்பாதையில் மட்டும் இதுவும் தடுமாறும். பழைய வாட்ச் வைத்திருப்பவர்கள், ஓட ஆரம்பிப்பதற்கு முன் திறந்த வெளியில் சிக்னல் பிடிக்கும்வரை நின்றுவிட்டுக் கிளம்புங்கள். முதல் கிலோமீட்டரிலேயே வித்தியாசம் தெரியும்.

மறுபடியும் சென்னையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. இந்த வருடம் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். வாட்ச் தன் கணக்கில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தானாக லேப் எடுப்பதை, அதாவது நேரத்தைக் குறிப்பதை, அணைத்துவிட்டேன். 5 கி.மீ. 28:25, 10 கி.மீ. 56:50, 15 கி.மீ. 1:25:15, 20 கி.மீ. 1:53:40 என்று ஒரு சீட்டில் எழுதி மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டேன். ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையிலும் லேப் பட்டனை நானே அழுத்தினேன். பத்தாவது பலகையில் 57:20. வாட்ச் அப்போது 10.15 கி.மீ., 5:39 என்று காட்டிக்கொண்டிருந்தது. போன வருடமாக இருந்தால் நிம்மதியாக அப்படியே ஓடியிருப்பேன். சீட்டைப் பார்த்ததால் அரை நிமிடம் பின்தங்கியிருக்கிறேன் என்று தெரிந்தது, 11 கி.மீ. மிச்சம் இருந்தது. 5:41-ஐ விடக் கிலோமீட்டருக்கு மூன்று நான்கு நொடி வேகமாக ஓடினேன், வளைவுகளில் உள் ஓரத்தை விடவில்லை.

1:59:40. வாட்சில் 21.40.