இஸ்வரா காடி ஸ்டார்ட் செய்யும்போது இரும்பு அரைக்கும் சத்தம்: ஸ்டார்ட்டரை மாற்றியும் போகவில்லை

தோட்டத்துப் பிள்ளை (சுங்கை சிப்புட்):
வணக்கம் அண்ணன்மார்களே. அப்பா ஓட்டிய புரோட்டோன் சாகா இஸ்வரா காடி (கார்), 1.3 லிட்டர் என்ஜின், மேனுவல் கியர், இப்போது என்னிடம் இருக்கிறது. சாவியைத் திருப்பினால் சில நேரம் 'கர்ர்ர்' என்று பல் அரைபடும் சத்தம் வந்து, அப்புறம்தான் என்ஜின் பிடிக்கிறது. சில நேரம் ஒரு சத்தமும் இல்லாமல் உடனே ஸ்டார்ட் ஆகிறது. விடியற்காலையில் பெரட்டு நேரத்தில் (தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூடும் நேரம்) அரைத்தால் வரிசை வீடு முழுக்க எழுந்துவிடும். பேட்டரி புதியது. டவுனில் ஒரு பட்டறையில் ரீகண்டிஷன் (பழையதைச் சரிசெய்த) ஸ்டார்ட்டர், அதாவது என்ஜினை முதலில் சுற்றிவிடும் மோட்டார், போட்டார்கள், கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, மறுபடியும் அதே கதை. இப்போது இன்னொரு ஸ்டார்ட்டர் மாற்றச் சொல்கிறார்கள். அம்மாவை மாதா மாதம் ஈப்போ மருத்துவமனைக்கு இந்தக் காடியில்தான் கூட்டிப் போகிறேன். வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது. மறுபடியும் காசு போடுவதற்கு முன்னால் எதைப் பார்க்க வேண்டும்?

செம்பனை லோரி:
தம்பி, முதலில் பேட்டரி முனைகளையும், என்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பழைய காடிகளில் பாதித் தொல்லை அங்கேதான்.

வயர்மேன் அண்ணன் (ஈப்போ):
எர்த் வயரைப் பார்ப்பது நல்லதுதான், ஆனால் கரண்ட் குறைந்தால் 'டக் டக் டக்' என்று சோலனாய்டு (ஸ்டார்ட்டரின் காந்த சுவிட்ச்) அடிக்கும், அல்லது என்ஜின் சோம்பலாகச் சுற்றும். தம்பி சொல்வது அரைக்கும் சத்தம். அது பல்லும் பல்லும் சரியாகச் சேராத சத்தம்.

இதில் முக்கியமான தகவல், 'சில நேரம் வருகிறது, சில நேரம் இல்லை' என்று நீங்கள் சொன்னது. நாலு சிலிண்டர் என்ஜின் அணைந்து நிற்கும்போது நினைத்த இடத்தில் நிற்காது. அடுத்த சிலிண்டரில் அமுக்கப்படும் காற்று (கம்ப்ரஷன்) தடுப்பதால், ஃப்ளைவீலில் (என்ஜினோடு சுற்றும் கனமான சக்கரம்) எதிரெதிராக இருக்கும் இரண்டு இடங்களில்தான் பெரும்பாலும் வந்து நிற்கும். அப்படியானால் ஸ்டார்ட்டர் முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரமான பினியன், வருடக்கணக்காக ஃப்ளைவீலைச் சுற்றியிருக்கும் பல் வளையமான ரிங் கியரில் அந்த இரண்டு இடங்களையே வந்து இடிக்கிறது. அங்கே பல் தேய்ந்துவிடும், மற்ற இடமெல்லாம் புதிது மாதிரி இருக்கும். தேய்ந்த இடத்தில் நின்றால் அரைக்கும், தப்பி வேறு இடத்தில் நின்றால் சத்தம் வராது. இந்த நிலையில் புது ஸ்டார்ட்டர் போட்டால் அதன் பினியனையும் அதே பற்கள் தின்றுவிடும்.

காசில்லாமல் சோதிக்கலாம். அடுத்த தடவை அரைத்தால் சாவியை உடனே விட்டுவிடுங்கள். இக்னிஷனை அணைத்து, நாலாவது கியரில் போட்டு, சமதரையில் காடியைக் கொஞ்சம் தள்ளுங்கள், ஃப்ளைவீல் சற்றே திரும்பும். நியூட்ரலுக்கு மாற்றி, ஹேண்ட்பிரேக் போட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சத்தமில்லாமல் பிடித்தால் என் சந்தேகம் ரிங் கியர் மேல்தான். எங்கே நிறுத்தினாலும் அரைத்தால் ஸ்டார்ட்டரின் போல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது பினியனே போயிருக்கலாம்.

கஞ்சில் வைத்திருப்பவர்:
இடையில் கேட்கிறேன், மன்னிக்கவும். என் கஞ்சில் காடியில் என்ஜின் ஓட ஆரம்பித்த பிறகும் 'வீய்ங்' சத்தம் சில விநாடி தொடர்கிறது. இதுவும் அதேதானா?

வயர்மேன் அண்ணன்:
இல்லை, அது வேறு. பினியன் திரும்பி உள்ளே வரவில்லை. ஷாஃப்டில் கிளட்ச் தூசியும் காய்ந்த கிரீஸும் சேர்ந்து பிடித்திருக்கலாம், சோலனாய்டு ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம், சாவி சுவிட்ச்சே திரும்பாமல் மாட்டியிருக்கலாம். நாள் கடத்தாதீர்கள், என்ஜின் வேகத்தில் இழுபட்டு ஸ்டார்ட்டர் உள்ளே சிதறிவிடும்.

தோட்டத்துப் பிள்ளை:
அண்ணே, சொன்னபடி தள்ளிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் தள்ளிய பிறகு சத்தமில்லாமல் பிடித்தது! ஸ்டார்ட்டரைக் கழற்றி நேரில் பார்க்கலாம் என்று இருக்கிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

வயர்மேன் அண்ணன்:
பேட்டரியின் நெகடிவ் முனையை முதலில் கழற்றுங்கள். ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த வயரில் சாவி அணைந்திருந்தாலும் கரண்ட் இருக்கும், ஸ்பானர் பாடியில் பட்டால் தீப்பொறிதான். கீழே படுக்க வேண்டியிருந்தால் ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். செம்மண் தரை இளகும், அடியில் தடித்த பலகை போடுங்கள்.

கழற்றியதும் பினியனைக் கையால் சுற்றுங்கள். ஒரு பக்கம் தாராளமாகச் சுற்றி, மறுபக்கம் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் சுற்றினால் பினியனுக்குள் இருக்கும் ஒருவழி கிளட்ச் போய்விட்டது. பிறகு ஸ்டார்ட்டர் இருந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து, ஒருவரைக் காடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளச் சொல்லி, ரிங் கியரை ஒரு சுற்று முழுக்கப் பாருங்கள். தள்ளும்போது காடி ஸ்டாண்டில் இருக்கக்கூடாது, அடியில் யாரும் இருக்கக்கூடாது. மேலேயிருந்து பார்க்க முடியாவிட்டால், கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் மாட்டித் திருப்புங்கள்.

தோட்டத்துப் பிள்ளை:
பார்த்துவிட்டேன் அண்ணே. பினியன் ஒரு பக்கம் சுற்றி மறுபக்கம் பிடிக்கிறது, ஆனால் பல்லின் முன் ஓரமெல்லாம் கடித்த மாதிரி சிதைந்து வெள்ளையாக மின்னுகிறது. ரிங் கியரில் எதிரெதிரே இரண்டு இடத்தில் பற்கள் பாதி மழுங்கியிருக்கின்றன. மற்ற பற்கள் கறுப்பாக, முழுசாக இருக்கின்றன. ஹவுசிங் உள்ளே எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கிறது.

வயர்மேன் அண்ணன்:
அப்படியானால் இன்னொரு ஸ்டார்ட்டருக்குக் காசு கொடுக்காதீர்கள். கியர்பாக்ஸை இறக்கி ரிங் கியர் மாற்ற வேண்டும். அதைச் சூடாக்கி விரிய வைத்துத்தான் ஃப்ளைவீலில் ஏற்றுவார்கள், ஆறினால் இறுக்கிக்கொள்ளும், வீட்டில் செய்யும் வேலை இல்லை. ஹாஃப் கட் கடையில் (பழைய காடிகளின் பாகம் விற்கும் கடை) ஃப்ளைவீலோடு சேர்த்தே கிடைக்கலாம். பழையதைக் கையோடு கொண்டுபோய்ப் பற்களை எண்ணி, கிளட்ச் அளவையும் ஒப்பிட்டு வாங்குங்கள். சில பட்டறைகளில் அதே ரிங்கைக் கழற்றி, கால் சுற்றுத் திருப்பி ஏற்றித் தருவார்கள், முழுப் பல் இருக்கும் இடம் ஸ்டார்ட்டருக்கு நேராக வரும். கையில் காசு குறைவென்றால் அதுவும் நல்ல வழிதான்.

எண்ணெய்ப் பிசுக்கு இருப்பதால் கிராங்கின் பின்பக்கம் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலையும் கிளட்ச் தட்டையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். கியர்பாக்ஸை இரண்டு தடவை இறக்கினால் கூலியும் இரண்டு தடவை.

தோட்டத்துப் பிள்ளை:
சரி அண்ணே, சனிக்கிழமை இறக்குகிறோம். ஸ்டார்ட்டர் இதுவே போதுமா?

வயர்மேன் அண்ணன்:
மோட்டார் போதும், பினியனை மட்டும் மாற்றுங்கள். சிதைந்த பல் புது ரிங்கைக் கெடுத்துவிடும். ஸ்டார்ட்டர் உட்காரும் முகத்தை மணல்தாள் போட்டுத் துடையுங்கள், அதன் வழியாகத்தான் எர்த் போகிறது. ஷாஃப்டுக்குக் கிரீஸ் லேசாகத் தடவினால் போதும், பல்லில் தடவாதீர்கள், தூசி ஒட்டும். அம்மாவின் அடுத்த அப்பாயிண்ட்மெண்ட்டுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள் தம்பி.