டிராஃப்டைப் பார்த்ததும் நகையைக் கொடுத்துவிடாதீர்கள்

போன மாதம் கனடாவின் பிராம்ப்டன் வந்து சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: மனைவியின் நகையை விற்க வேண்டும், வாங்குகிறவர் சனிக்கிழமை மாலை பேங்க் டிராஃப்டோடு (வங்கியே எழுதித்தரும் காசோலை போன்ற தாள்) வீட்டுக்கே வருவதாகச் சொல்கிறார், கொடுக்கலாமா என்று. கொடுக்காதீர்கள் தம்பி. அப்படி ஒரு சனிக்கிழமை மாலையில்தான் எங்கள் பொருள் கைவிட்டுப் போனது.

நான் தக்கலைக்காரன். இப்போது விடுமுறையில் ஊருக்கு வந்திருக்கிறேன். அப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்துக்குப் போன புதிதில் வாடகை வீடு பிடிக்க முதல் மாத வாடகையையும் கடைசி மாத வாடகையையும் சேர்த்துக் கட்ட வேண்டியிருந்தது. என் மனைவி சிறுவயதிலிருந்தே பரதம் ஆடியவள். வடசேரியில் ஆசாரியிடம் சொல்லிச் செய்த கோவில் நகை செட் ஒன்று அவளிடம் இருந்தது. நெற்றிச்சுட்டி, சூரியன், சந்திரன், ராக்கொடி, மாங்காய் மாலை, ஒட்டியாணம் எல்லாம் வெள்ளியில் செய்து, சிவப்புக் கெம்புக்கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டியவை. நாகர்கோவில் கோவில் நகை என்று புவிசார் குறியீடே பெற்ற வேலைப்பாடு அது. ஆனால் கனடாவில் கடையில் கொண்டுபோய் வைத்தால் கல்லைக் கழித்து, வெள்ளியை எடைபோட்டு, உருக்கும் விலைதான் சொல்கிறார்கள். கைவேலைக்கு ஒரு காசு கிடையாது. அதனால்தான் நம்மவர்கள் விளம்பரம் போட்டு நேரடியாக விற்கப் பார்க்கிறோம். ஏமாற்றுகிறவனுக்கும் இது தெரியும்.

விளம்பரம் போட்ட மறுநாளே ஒருவர் அழைத்தார். நல்ல தமிழ். மகளுக்கு அரங்கேற்றம் என்றார். விளம்பரத்தில் வடசேரி என்று எழுதியிருந்ததைப் பிடித்துக்கொண்டு, கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவரை பேசினார். "நம் ஊர்க்காரர்தான்" என்று என் மனைவி முடிவு செய்துவிட்டாள். நாங்கள் சொன்ன 2,800 டாலருக்கு அவர் ஒரு டாலர்கூடக் குறைத்துக் கேட்கவில்லை. நகை வாங்க வருகிறவர் பேரம் பேசாமல் போவாரா என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு வந்தார். டிராஃப்ட் கெட்டியான தாள். வங்கியின் சின்னம் இருந்தது, வெளிச்சத்தில் பிடித்தால் நீர்க்குறிகூடத் தெரிந்தது. என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இல்லை. வங்கி மூடியிருந்ததால் ஏடிஎம்மில் போட்டேன். கணக்கில் தொகை ஏறியதைச் செல்போனில் பார்த்தேன். மனைவி ராக்கொடியை மட்டும் ஒருமுறை வெளியே எடுத்து, முந்தானையால் துடைத்துத் திரும்ப வைத்து, பெட்டியைக் கொடுத்தாள். அடுத்த வியாழக்கிழமை அந்த 2,800 டாலரும் கணக்கிலிருந்து கழிந்திருந்தது. அதற்குள் வாடகை போய்விட்டதால் இருப்பு மைனஸில் நின்றது. டிராஃப்ட் போலி என்றார்கள். போட்டவர் நான் என்பதால் பொறுப்பும் என்னுடையதுதான்.

நன்றாகக் கவனியுங்கள். கணக்கில் தொகை தெரிவது வேறு, பணம் வந்து சேர்வது வேறு. காசோலையோ டிராஃப்டோ போட்டால், அதை வழங்கிய வங்கி ஒப்புக்கொள்ளும் முன்பே உங்கள் வங்கி தொகையை எடுத்துக்கொள்ளவிடலாம். போலி என்று பின்னால் தெரிந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளிதான் திருடனுக்கு வேண்டியது. வங்கி மூடிய நேரமாகப் பார்த்து அவன் வருவதும் அதனால்தான்.

டிராஃப்ட்தான் வேண்டுமென்றால் அவருடைய வங்கிக் கிளைக்கு நீங்களும் போங்கள். வார நாளில், உங்கள் கண் முன்னால், கவுன்டரில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். டிராஃப்டில் அச்சிட்டிருக்கும் தொலைபேசி எண்ணை அழைத்துச் சரிபார்க்காதீர்கள். தாளைப் போலியாக அச்சிட்டவன் எண்ணையும் அச்சிட்டிருப்பான். ரொக்கம் என்றால் உங்கள் வங்கியின் கவுன்டரிலேயே வைத்து எண்ணிக் கட்டிவிட்டு, பிறகு பொருளைக் கொடுங்கள். கனடாவில் கணக்கிலிருந்து கணக்குக்குப் பணம் அனுப்பும் இன்டராக் மூலம் அனுப்புவதாகச் சொன்னால், "பணம் வந்திருக்கிறது" என்று வரும் மின்னஞ்சலை நம்ப வேண்டாம். அதில் உள்ள இணைப்பைத் தொடாமல், வங்கிச் செயலியை நீங்களே திறந்து பாருங்கள்.

தெரியாமல் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களிடம், கைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ வைத்துப் பணம் பெறும் பேஐடி கணக்கை வணிகக் கணக்காக மாற்றப் பணம் கட்டச் சொல்கிறார்கள். அப்படி ஒரு கட்டணமே கிடையாது.

ஊரில் விட்டுவந்த பொருள்களுக்கும் இது பொருந்தும். போன வாரம் என் பழைய புல்லட்டை விற்க அப்பா விளம்பரம் போட்டார். பட்டாளத்தில் இருப்பதாகச் சொல்லி ஒருவன் அழைத்தான். அப்பாவும் பட்டாளத்தில் இருந்தவர், அந்தச் சொல்லே அவருக்குப் போதும். முதலில் ஒரு ரூபாய் அனுப்பிக் காட்டினான். பிறகு 85,000 ரூபாய் வருவதற்கு என்று ஒரு கியூஆர் படத்தை அனுப்பி, ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடச் சொன்னான். "மக்களே, இது என்ன எண் கேட்கிறது?" என்று அப்பா கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். கைபேசியை வாங்கி வைத்துவிட்டேன். யுபிஐ பின் எண்ணைப் பணம் அனுப்பவோ இருப்பைப் பார்க்கவோதான் கேட்கும், பணம் பெறுவதற்கு அது தேவையே இல்லை. இதை உங்கள் அப்பா அம்மாவிடம் இன்றைக்கே அழைத்துச் சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது பணம் போய்விட்டால், ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாமல் 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தப் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து மார்த்தாண்டத்திலிருந்து உண்மையாகவே ஒருவர் வந்தார். பணத்தைத் தன் நண்பர் கணக்கிலிருந்து போடச் சொல்கிறேன் என்றார். அதற்கும் அப்பா ஒப்புக்கொள்ளவில்லை, எனக்கு நிம்மதியாக இருந்தது. வேறொருவரிடம் திருடிய பணம் உங்கள் கணக்குக்கு வந்தால், நீங்கள் ஒரு தவறும் செய்யாமலேயே கணக்கை முடக்கிவிடுவார்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு அதை மீட்பது பெரும்பாடு. வாங்குகிறவர் பெயரும் பணம் அனுப்புகிறவர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசியில் இருவரும் வங்கிக்குப் போனார்கள். பாஸ்புக்கில் வரவு பதிந்து வந்த பிறகே அப்பா சாவியைக் கொடுத்தார், ஆர்சி மாற்றும் படிவங்களில் கையெழுத்தும் போட்டார்.

தம்பி, உங்களுக்குச் சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தாலும் பரவாயில்லை, இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: "திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் வங்கிக் கிளையில் சந்திப்போம். என் மனைவியும் வருவாள். டிராஃப்டை அங்கேயே எழுதிக்கொள்ளலாம்." உண்மையாக வாங்குகிறவர் என்றால் எந்தக் கிளை என்று சொல்வார். அவசரம், அரங்கேற்றம், விமானம் என்று காரணம் சொன்னால் நகையை வெளியே எடுக்காதீர்கள். என்ன பதில் வந்தது என்று இங்கே எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.