உருகும் பனியைக் கலையாகப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஈஸ்ட் ஹாம், லண்டன்

நானே ஆரம்பிக்கிறேன். 2018 டிசம்பரில் டேட் மாடர்ன் கலைக்கூடத்துக்கு வெளியே, தேம்ஸ் கரையில் 24 பனிப்பாளங்களை வைத்திருந்தார்கள். ஓலாஃபர் எலியாசன் என்ற கலைஞரும் மினிக் ரோசிங் என்ற கிரீன்லாந்து நிலவியல் அறிஞரும் சேர்ந்து செய்த 'ஐஸ் வாட்ச்'. கிரீன்லாந்தின் தலைநகரான நூக்கை ஒட்டிய ஃபியோர்டில், அதாவது மலைகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் கடல் நீர்ப்பரப்பில், மிதந்துகொண்டிருந்த பாளங்களைக் குளிர்சாதனக் கன்டெய்னரில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். ஒவ்வொன்றும் டன் கணக்கில் எடை.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவையும் கூட்டிப் போனேன். கயிறு கட்டவில்லை, காவலுக்கும் ஆள் இல்லை, யார் வேண்டுமானாலும் தொடலாம். அம்மா கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை அப்படியே வைத்தார். பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி, "காதை வைத்துக் கேளுங்கள்" என்று சைகை காட்டினார். நானும் வைத்தேன். சோடாவை டம்ளரில் ஊற்றியதும் கேட்குமே, அந்த மாதிரி விடாமல் ஒரு பொரிச்சல். பல்லாயிரம் வருஷங்களுக்கு முன்னால் விழுந்த பனி அடுக்கடுக்காக அழுந்தி இறுகும்போது, அன்றைய காற்றும் குமிழிகளாக உள்ளே மாட்டிக்கொள்கிறது. பனி உருக உருக அது வெடித்து வெளியே வருகிறது. கரியமில வாயு இன்றைய அளவுக்கு ஏறாத காலத்துக் காற்று!

அம்மாவிடம் சொன்னேன். "அப்போ இப்ப நாம மூச்சு வாங்குறது அந்தக் காத்தையாடா?" என்று கேட்டுவிட்டு இன்னொரு பாளத்துக்கு நகர்ந்தார். கிரீன்லாந்து உருகுகிறது என்று எத்தனையோ வரைபடம் பார்த்திருக்கிறேன். அதில் எதுவும் அந்தக் கேள்வி போல எனக்குள் இறங்கவில்லை. தொட விட்டதுதான் இந்தப் படைப்பின் உயிர் என்பேன். கண்ணாடிக்குள் வைத்திருந்தால் ஒரு படம் எடுத்துக்கொண்டு போயிருப்போம்.

ரெய்க்யாவிக்

நான் பார்த்தது பனி இல்லாத இடம். ஐஸ்லாந்தின் ஓக் எரிமலை மேல் ஒரு பனியாறு இருந்தது. சொந்த எடையில் நகரும் அளவுக்குக் கனம் இருந்தால்தான் அது பனியாறு. ஓக் அந்தக் கனத்தை இழந்துவிட்டதால், இனி அது பனியாறு இல்லை என்று 2014இல் அறிவித்தார்கள். 2019 ஆகஸ்டில் அங்கே ஒரு பாறையில் செம்புப் பலகை பதித்தார்கள். எழுத்தாளர் ஆந்த்ரி ஸ்னைர் மக்னசன் எழுதிய வாசகம், வருங்காலத்தவர்களுக்கு ஒரு கடிதம்: என்ன நடக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும், செய்தோமா என்பது உங்களுக்குத்தான் தெரியும் என்ற பொருளில். கடைசியில் 'ஆகஸ்ட் 2019' என்ற தேதியும் 415 பிபிஎம் என்ற கரியமில வாயு அளவும், அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 415 பங்கு.

பாதை என்று எதுவும் கிடையாது, கல் மேல் கல்லாக ஏற வேண்டும். மேலே போய்ச் சேர்ந்தபோது எங்கள் குழுவில் இருந்த ஒரு பள்ளிக்கூடப் பையன் பலகையை உரக்கப் படித்தான். "உங்களுக்கு" என்ற இடத்தில் நின்று அவன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை. எனக்கும்தான்.

சிங்கப்பூர்

சரி, ஒரு கேள்வி. உருகுவதைக் காட்ட அவ்வளவு தூரம் கப்பலிலும் லாரியிலும் பனியைக் கொண்டுவருவது நியாயமா?

ஈஸ்ட் ஹாம், லண்டன்

நியாயமான கேள்விதான், அங்கேயே பலர் கேட்டார்கள். அவை ஏற்கெனவே உடைந்து கடலில் விழுந்த பாளங்கள். எங்கே இருந்தாலும் உருகத்தான் போகின்றன. செலவான கார்பன் கணக்கை எலியாசன் தரப்பே வெளியிட்டது. ஒரு பாளத்தைக் கொண்டுவர ஆன ஆற்றல், ஒருவர் லண்டனிலிருந்து ஆர்க்டிக் பக்கம் விமானத்தில் போய் வருவதற்குச் சமமாம். அங்கே கூடியிருந்த ஜனங்களை நேரில் பார்த்தவன் என்ற முறையில், அது வீண் செலவு இல்லை என்றே சொல்வேன். இதே படைப்பை 2014இல் கோபன்ஹேகனிலும், 2015 பருவநிலை மாநாட்டின்போது பாரிஸிலும் வைத்தார்கள். அங்கே போனவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.